அடம் பிடிக்கிற வேலை

பெரம்பலூரில் துறையூர் சாலையை ஒட்டி எங்கள் மையம் இருக்கிறது. உங்களில் சில பேர் அங்கே வந்திருப்பீர்கள். வெளியே மணல்தொட்டி, ஒரு சறுக்குமரம், லாரி டயரில் கட்டிய ஊஞ்சல். நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது உங்கள் அப்பாவும் அம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வருவார்கள். சில பேருக்குக் கண் சிவந்திருக்கும். சில பேர் சிரித்துக்கொண்டே வருவார்கள். "உள்ள என்னம்மா பண்ணுனீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பேசிக்கிட்டிருந்தோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். அந்த அறையில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். போன சித்திரையோடு ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது பாதிப் பாடத்தைச் செல்போனில் படமாகவே அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள், "அண்ணே, நீங்க செஞ்ச வேலைய எழுதிக் குடுங்க, இங்க வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்" என்று கேட்டார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். இருந்தாலும் இதை எழுத எனக்கு ஆசைதான்.

என் வேலை என்ன தெரியுமா? அடம் பிடிப்பது.

நான் முதலில் காவலாளியாகத்தான் சேர்ந்தேன். கேட்டைத் திறப்பது, பாய் விரிப்பது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது. அடிக்கிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, பொருளைத் தூக்கி எறிகிற பிள்ளை, சொன்னதைக் கேட்காத பிள்ளை என்று வீட்டில் தவித்துப்போய் வருகிற அப்பா அம்மாவுக்கு எட்டு வாரம் வகுப்பு நடக்கும். வகுப்பு புதன்கிழமைதான். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்பதால் மேடம் அப்படி வைத்திருந்தார்.

மேடம் என்றால் கோமதி மேடம். பிள்ளைகளின் மனசைப் படித்தவர். வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுத்ததும் பெற்றவர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் பிள்ளையாக நடிக்க வேண்டும். முதலில் மையத்தில் வேலை பார்த்த சின்ன வயதுப் பெண்கள் நடித்தார்கள். அம்மாக்கள் வந்தபோது சரியாக இருந்தது. அப்பாக்கள் வந்ததும் கெட்டுப்போனது. வயதுக்கு வந்த பெண் முன்னால் உட்கார்ந்து அடம் பிடித்தால் அவர்கள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். ஒரு புதன்கிழமை மேடம் கதவைத் திறந்து, கேட்டருகில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க வூட்ல பிள்ளைங்க இருக்காங்கல்ல?"

"ரெண்டு இருக்கு மேடம்."

"அடம் புடிப்பாங்களா?"

"அதுல கொறையே இல்ல."

"அப்ப உள்ள வாங்க. நீங்கதான் இனிமே புள்ள."

அன்றைக்குப் பாயில் உட்கார்ந்தவன்தான். ஒரு மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது. அதற்குமேல் எனக்குப் பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. மரக்கட்டைகளைக் கலைத்துப் போடுவேன். "மாட்டேன் போ" என்பேன். குப்புறப் படுத்துக் காலை உதைப்பேன். பெற்றவர்கள் அப்போது என்ன செய்ய வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொடுப்பார். கிட்டே வந்து, குனிந்து, ஒரே ஒரு தடவை, சின்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஐந்து மூச்சு காத்திருக்க வேண்டும். பிள்ளை செய்துவிட்டால் அடுத்த நொடியே, எதை நன்றாகச் செய்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினமும் பத்து நிமிடம் பிள்ளை சொல்கிற விளையாட்டை விளையாட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அதிகாரம் முழுக்கப் பிள்ளைக்குத்தான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வது எவ்வளவு கஷ்டம் என்று நான் பார்த்திருக்கிறேன். என்னைவிட வயதில் சின்ன ஆளுக்கு என்னை "எடு" என்று சொல்ல வாய் வராது. "அண்ணே, கொஞ்சம் அந்தக் கட்டைய எடுத்து வக்கிறீங்களா?" என்பார்கள். அறையே சிரிக்கும். மேடமும் சிரித்துவிட்டு, "இந்தக் கொரல்லயே வூட்லயும் சொல்லிப் பாருங்களேன்" என்பார்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாயில் வைத்துக்கொள்வார். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க். யார் எப்படிச் செய்தாலும் "தப்பு" என்ற சொல் அவர் வாயில் வராது. "திருப்பி ஒரு தடவ செய்வமா?" என்பார். பதினெட்டு வருடமும் அதே வார்த்தை, அதே குரல். முதல் வாரம் பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சும் பேச விடமாட்டார். "ஒங்களப் பத்திச் சொல்லுங்க. கடைசியா எப்ப சூடா சாப்ட்டீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரியாது. செட்டிகுளத்திலிருந்து வந்த ஒரு அம்மா யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "சோறுன்னாலே ஆறிப்போனதுதானே மேடம்" என்றார்.

இதையெல்லாம் மூன்று மாதம் பார்த்த பிறகு, நம் வீட்டிலும் செய்து பார்ப்போம் என்று தோன்றியது. நானும் கை நீட்டுகிற அப்பாவாகத்தான் இருந்தேன். அதை மறைத்து உங்களுக்கு எழுதக் கூடாது. என் மகள் தேன்மொழிக்கு அப்போது பதினொரு வயது. ஒரு சாயங்காலம் அவள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினாள். நான் கிட்டே போய், குனிந்து, "சிந்தாம கொண்டாந்து வச்சிருக்கியே, நல்லா இருக்கு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் அவள் அம்மாவிடம், "அப்பா குடிச்சிருக்காரா?" என்று கேட்டாள். நான் குடிப்பவன் இல்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்குப் பிள்ளைக்கு அப்படித் தோன்றுகிற வீடாக என் வீட்டை வைத்திருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் இந்த வேலையில் உண்மையாகச் சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

இனி ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு பங்குனி மாதம் கலைச்செல்வி என்ற அம்மா அரியலூர்ப் பக்கத்திலிருந்து தனியாக வந்தார். மகள் யாழினிக்கு ஆறு வயது. கையில் கிடைத்ததை வீசுவாள், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பாள். இரண்டு பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலைச்செல்வியின் கணவர் அன்பழகன், சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரி ஓட்டுகிறவர்.

"பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள சரியாகலன்னா, தூரத்துல ஏதோ ஆஸ்டலாம், அதுல போட்டுருவேன்னு சொல்லிட்டாரு மேடம். ஆறு வயசுப் புள்ளைங்க. ராவுல என் தாலிச்சரட்டப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்கும்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லை. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லாத மாதிரி இருந்தார். எட்டே வாரம். எங்கள் எல்லோருக்கும் அது அன்றிலிருந்து கண்ணில் உறுத்த ஆரம்பித்தது.

வீட்டில் செய்ததைக் குறிக்க ஒரு தாள் கொடுப்போம். கலைச்செல்வியின் தாளில் ஒரு கட்டம் விடாமல் எல்லாவற்றிலும் டிக் இருந்தது. மேடத்துக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒன்று இடித்தது. நான் பாயில் கீழே உட்கார்ந்திருப்பவன். எனக்கு நேர் எதிரே குனிகிறவர்களின் முகம் எனக்குத் தெரிகிற மாதிரி, அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மேடத்துக்குத் தெரியாது. நான் கட்டையை எடுத்துச் சரியாக அடுக்குவேன். கலைச்செல்வி என்னைப் பாராட்ட வேண்டும். அவர் வாய் திறக்கும், மூடும். பிறகு பக்கவாட்டில் திரும்பி, சத்தம் வராமல் "தூ" என்று துப்புகிற மாதிரி செய்வார்.

வகுப்பு முடிந்ததும் சொன்னேன். "மேடம், அந்தம்மா ஒரு தடவகூட நல்ல வார்த்த சொல்லல. டிக்கு மட்டும்தான் போட்டுருக்காங்க."

அடுத்த புதன் மேடம் மெதுவாகக் கேட்டார். கலைச்செல்வி தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"மொத நாளு சொன்னேன் மேடம். எங்கண்ணு எவ்ளோ அழகா சாப்புடுதுன்னு சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே காச்சல் வந்துருச்சு. தாய் கண்ணு பட்டுருச்சு மேடம். அதுக்கப்பறம் எப்புடி வாய் வரும்? நீங்க சொல்லிக்குடுத்தத செய்யலன்னு எழுதவும் மனசு வரல. அதான் டிக் போட்டேன்."

மற்ற பெற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேரின் தாளும் அதே மாதிரிதான் என்று எனக்கு அப்போதே புரிந்தது. படித்த வேறு யாராவது இருந்தால், கண்ணாவது பேயாவது என்றிருப்பார்கள். மேடம் அப்படிச் சொல்லவில்லை. "மத்தவங்களுக்கும் இந்தப் பயம் இருக்கா?" என்று கேட்டார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த சபியா என்ற அம்மா சொன்னார். அவர் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்.

"எங்களுக்கும் பயந்தாங்க. நாங்க மாஷா அல்லாஹ்னு சேத்துச் சொல்லிப்போம். அப்பறம் கொஞ்சம் நிம்மதி."

"எங்களுக்கு அப்புடி ஒரு சொல்லு இல்லியேக்கா" என்றார் கலைச்செல்வி.

மேடம் பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்தார். "சரி. புள்ளய விட்டுருங்க. புள்ள அழகு, புள்ள சமத்துன்னு ஒண்ணும் சொல்ல வேணாம். செஞ்ச வேலைய மட்டும் சொல்லுங்க. செருப்பு ஜோடியா இருக்கு. தட்டு காலியா இருக்கு. செருப்பு மேலயும் தட்டு மேலயும் கண்ணு பட்டா படட்டும்."

கலைச்செல்வி சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "கட்டையெல்லாம் நேரா நிக்கிது" என்றார். துப்பவில்லை. மேடம் பிற்பாடு எல்லா வகுப்பிலும் அப்படியே சொல்லிக்கொடுத்தார். பிள்ளையைவிட வேலையைச் சொல்வதுதான் பாடத்திலும் சரியாம்.

ஆனால் வீட்டில் அது பலிக்க ஆரம்பித்ததும் அந்த அம்மாவுக்கு வேறொரு துக்கம் பிடித்துக்கொண்டது. "அஞ்சு நாளா ஒண்ணும் வீசல மேடம். அப்ப இத்தன நாளும் நான்தான் கெடுத்து வச்சிருந்தேனா?" என்று விசும்பினார். இப்படி நிறையப் பெற்றவர்கள் கேட்பார்கள். பிள்ளை கொஞ்சம் தேறினால் இவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைப்போம். முதலில் வருவது குற்ற உணர்வு. மேடம் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"போர்டு எழுதாத பஸ்ல ஏறிட்டீங்க. அரியலூர் போவும்னு நெனச்சீங்க, அது துறையூர் போயிருச்சு. யாரும் ஒங்களுக்குப் போர்டு எழுதல. எறங்கி மாறிக்கலாம். அவ்ளோதான்."

ஐந்தாவது வாரம் அன்பழகன் வந்தார். லாரி எஃப்.சி.க்காக, அதாவது வருடாந்திரத் தகுதிச் சான்றுக்காக, பட்டறையில் நின்றிருந்தது. இமையில்கூடச் சுண்ணாம்புத் தூசி ஒட்டியிருந்த மாதிரி தெரிந்தது. "இதெல்லாம் வேலைக்காவாதுன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றார். "சொல்லிட்டே போவலாம். அதுக்கு முன்னால ஒரு தடவ செஞ்சு பாத்துருங்க" என்றார் மேடம்.

நான் கட்டையை வீசினேன்.

"எடு" என்றார்.

நான் எடுக்கவில்லை.

"எடுன்னு சொல்றேன்ல."

"மாட்டேன் போ" என்றேன்.

என் கன்னத்தில் விழுந்தது. நிஜமான அறை. சுருக்கென்று காது வரைக்கும் போனது. அவருக்கே அது நடந்தது நம்ப முடியவில்லை. மேடம் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி முதலில் என்னிடம் கொடுத்தார். அடுத்த தம்ளரை அவரிடம் கொடுத்தார். இரண்டு பேரும் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இப்ப ரெண்டு பேரும் எடம் மாத்திக்குவமா?"

அன்பழகன் பாயில் உட்கார்ந்தார். நான் நின்றேன். "எடு" என்றேன். அவர் சும்மா இருந்தார். "எடுன்னு சொல்றேன்ல" என்று கத்திக்கொண்டு கையை ஓங்கினேன். அடிக்கிற எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் என் கை மேலே போன கணத்தில் அவருடைய இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டன. முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அப்படியே சுருண்டார். டிப்பர் லாரி ஓட்டுகிற ஆள். பிறகு கையை இறக்கி, அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்கப்பா நெனப்பு வந்துருச்சு" என்றார். பிறகு மனைவியிடம், "யாழினியும் இப்புடித்தான் கைய வச்சிக்குமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நான் பாத்ததே இல்லியே."

"நீங்க எங்க பாப்பீங்க. அந்நேரம் ஒங்க கண்ணு எங்க இருக்குமோ."

போகும்போது கேட்டருகில் நின்று, "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றார். மேடம் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் பத்து நிமிடம், செல்போனிலாவது, பிள்ளை சொல்கிற விளையாட்டு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கலைச்செல்வி வந்து, "ஆஸ்டல்ல எடம் கெடச்சிருச்சாம் மேடம்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு எனக்கு அடம் பிடிக்கவே வரவில்லை.

எட்டாவது வாரம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். லோடு எடை போடுகிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது அன்பழகன் மகளுக்குப் போன் போட்டிருக்கிறார். அவள், "ஆடு மாதிரி கத்துங்கப்பா" என்றிருக்கிறாள். அதிகாரம் பிள்ளைக்குத்தானே. கத்தியிருக்கிறார்.

"மத்த டிரைவருங்கள்லாம் எறங்கி வந்து சிரிக்கிறானுங்க மேடம்."

"நீங்க?"

"நானும்தான் சிரிச்சேன்."

"கடைசியா எப்ப சிரிச்சீங்க?"

கலைச்செல்வி முந்திக்கொண்டு, "எங்க கல்யாணத்துல போட்டோக்காரரு சிரிங்கன்னாரு, அப்ப ஒரு தடவ" என்றார். எங்களோடு சேர்ந்து அன்பழகனும் சிரித்தார். யாழினி இன்னும் பொருளை வீசுகிறாள், முன்பைப் போல் தினமும் இல்லை என்றார்கள். கலைச்செல்வி இப்போது ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாராம். அவர் கணவர் பிள்ளையோடு விளையாடுகிற பத்து நிமிடத்தில் சூடாக ஒரு வாய் சாப்பிடுகிறாராம். ஆஸ்டல் என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார். "பாப்பம் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார் அன்பழகன்.

பிள்ளைகளே, எத்தனையோ அப்பா அம்மாக்கள் பேருந்தில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வந்து, என்னைப் போல ஒரு வயசான ஆள் முன்னால் வெட்கத்தை விட்டுக் குனிந்து நல்ல வார்த்தை சொல்லப் பழகியிருக்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அப்படி ஒரு வார்த்தை சொல்லியிராதபோதும், தங்களிடம் இல்லாத ஒன்றைப் பழகிக்கொண்டு உங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது எனக்கு. நானும் அப்படித்தான் கொஞ்சம் திருந்தினேன். கோமதி மேடத்துக்கும், என் அடத்தைப் பொறுத்துக்கொண்ட அத்தனை பெற்றவர்களுக்கும் நான் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் போயிற்று, இரண்டாம் நாளும் போயிற்று. புதன்கிழமை நான் வேறொரு வகுப்புக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது கேட்டருகில் அன்பழகன் நின்றார். விரலைப் பிடித்துக்கொண்டு சீருடையில் யாழினி. ஆஸ்டலுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"டீச்சரக் கடிச்சிருச்சு அண்ணே. பள்ளிக்கூடத்துலேருந்து போன் போட்டாங்க. வண்டிய ஓரங்கட்டிட்டுப் போயி கூட்டியாந்தேன். இப்ப என்ன செய்யணும்னு மேடத்தக் கேக்கத்தான் வந்தேன். நாளைக்குத் திருப்பிக் கொண்டுபோயி வுட்டாவணும்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப ஆஸ்டலு?"

"எந்த ஆஸ்டலு?" என்றார் அன்பழகன்.

யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான் பாயில ஒக்காந்து அடம் புடிப்பீங்களா?"

"ஆமா."

"எங்கப்பா ஒங்கள அடிச்சிட்டாராமே. வலிச்சுச்சா?"

நான் அன்பழகனைப் பார்த்தேன். அவர் கேட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"கொஞ்சம் வலிச்சுச்சு" என்றேன்.

"அப்பறம் மன்னிச்சிருங்கன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

அவள் அப்பாவின் விரலைப் பிடித்தபடியே, "நாளைக்கி நானும் டீச்சர்கிட்ட சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு. எங்கப்பா பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லிருக்காரு" என்றாள்.